ஆச்சியின் விளக்குமாறு

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன என்பது யாவரும் அறிந்ததே. இவற்றுள் முன்னைய இரண்டையும் நாம் நாள்தோறும் பேணுகின்றோம். நேற்று உண்டோம் என்று இன்று உண்ணாதிருப்பாரும், நேற்று உடுத்ததையே துவையாது இன்றும் உடுப்பாரும் நம்முள் அரியர். உறையுள் ஒன்றனையே பொங்கலுக்குப் பொங்கல் நினைத்துக்கொள்கின்றோம். அன்று பரண்மீதுள்ளன யாவும் தெருவுக்கு வரும், சுவருக்கு வெள்ளையடிக்கப்படும், வீட்டிலுள்ளார் அனைவரும் இடுப்புவலியால் வருந்துவர், பின்பு மூன்று திங்கள் கழியுமுன் வீடு தன் பழைய நிலையை எய்திவிடும். யானும் நெடுங்காலம் இக்கூட்டத்தாருள் ஒருவனாகவே இருந்தேன். அதனால் யான் பட்ட துன்பத்தையும், அத்துன்பத்தாற் கற்ற எளிய பாடத்தையும் நம் கல்லூரி மலரைப் படிக்கும் அன்பர்கட்குக் கூறுதல் பயனுடையதாகும் என்று எண்ணியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். வீடு பெருக்குவதைப் பற்றி எழுதுதற்கு என்ன இருக்கின்றது என்று நகைப்பாரும் உளராகலாம். யானும் ஒருகால் அவ்வாறு நகைத்தவனே.

என்னைச் சிறுவயதில் வளர்த்தவர் என் தந்தையைப் பெற்ற ஆச்சி. எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் வாழைத் தோட்டங்களுக்கு நடுவேயுள்ள ஒரு சிற்றூர். வீடு ஓட்டு வீடு; முன்னே திண்ணையும், நடுவே பட்டாசாலையும், அதனை அடுத்து அடுக்களையும், பின்னே கிணறும் மாட்டுத் தொழுவும் உடையது. ஆச்சிக்கு எழுத்து வாசனை இல்லை. கடிகாரம் பார்க்கவும் தெரியாது. ஆயினும் அவருடைய நாள் ஒரு சிறிதும் முறை பிழையாமல் நடக்கும். விடியுமுன் எழுந்து வாசலைப் பெருக்கிச் சாணநீர் தெளித்துக் கோலமிடுவார். நாங்கள் எழுந்தவுடன் பாயைச் சுருட்டித் தலையணையோடு அதற்குரிய மூலையில் வைத்தல் வேண்டும். அது செய்யாதவனுக்குக் காலைக் கஞ்சி இல்லை. அடுப்பிலுள்ள முந்தின நாட் சாம்பலை அள்ளிப் பழம்பானை ஒன்றிற் சேர்த்து வைப்பார். அதுவே அன்று பாத்திரம் விளக்குதற்கு உதவும். காய்கறித் தோல் மாட்டுக்குச் செல்லும். உண்டபின் உண்ட இடம் அப்பொழுதே துடைக்கப்படும். மாலையில் விளக்கேற்றுமுன் வீடு மறுபடியும் பெருக்கப்படும். இரவு எத்துணை நேரமாயினும் எச்சிற் பாத்திரம் விடியுமளவும் கிடத்தல் ஆகாது. கிடந்தால் அது கரப்பானுக்கு வைத்த விருந்து என்பார். இவ்வளவே அவருடைய நாள்முறை. இவற்றுள் எதுவும் ஒரு நாழிகைக்கு மேற்பட்ட வேலையன்று.

ஒருநாள் முற்றத்து வேப்பமரம் இலையுதிர்த்துக்கொண்டிருந்தது. ஆச்சி பெருக்கி முடித்துத் திரும்புமுன்னே பின்னும் இலைகள் விழுந்தன. அப்பொழுது யான் ஐந்தாம் வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கில் முதல்வன் என்னும் செருக்கும் எனக்கு உண்டு. ‘ஆச்சி, நாளைக்கும் இலை விழத்தானே போகிறது? எல்லாம் விழுந்து தீர்ந்தபின் ஒரே நாளிற் பெருக்கினால் என்ன?’ என்றேன். ஆச்சி விளக்குமாற்றின் அடியை உள்ளங்கையில் தட்டி ஈர்க்குகளைச் சமன்செய்துகொண்டே, ‘ஏலே, நாளைக்குந்தான் பசிக்கும், அதற்காக இன்றைக்குச் சோறு வேண்டாமா?’ என்றார். யான் விடையின்றி நின்றேன்; ஆனால் அச்சொல்லின் பொருளை அன்று உணர்ந்தேனல்லேன்.

நாள்முறை இவ்வாறாக, வாரமுறை வேறொன்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் எவரும் சும்மா இருத்தல் இயலாது. முதலில் நீண்ட கம்பின் நுனியிற் கட்டிய துடைப்பத்தால் ஒட்டடை அடிக்கப்படும். பின்பு அலமாரியும் கதவுநிலையும் துடைக்கப்படும். பாய்களும் தலையணைகளும் வெயிலில் இடப்படும். பித்தளைக் குத்துவிளக்கும் செம்பும் புளியிட்டுத் துலக்கப்படும். தளம் கழுவப்படும். எல்லாவற்றுக்கும் இறுதியாக நீர் வைக்கும் ஏனங்களின் முறை வரும். கிணற்றடிக் கல்தொட்டி, குளியலுக்குரிய அண்டா, குடிநீர்ப் பானை, மாட்டுக்கு நீர்காட்டும் தொட்டி ஆகிய அனைத்திலுமுள்ள நீரை வாழைக்குப் பாய்ச்சிவிட்டு, தேங்காய் நாரும் செங்கற்பொடியும் கொண்டு உட்புறம் முழுவதும் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்கக்கூடியவற்றைக் கவிழ்த்து வைப்பார். ‘தண்ணீர் தெளிவாகத்தானே இருக்கிறது, ஏன் கொட்டவேண்டும்?’ என்று கேட்டால், ‘தெளிவு கண்ணுக்கு, தேய்ப்பு தொட்டிக்கு’ என்று கூறி நகைப்பார். எதிர்வீட்டுக் கிறிஸ்தவ ஆசிரியர் குடும்பத்தார் ஞாயிறு ஆராதனைக்கு முன்னாளாகிய சனிக்கிழமையில் இவ்வேலைகளைச் செய்தனர். அடுத்த தெரு முஸ்லிம் வீடுகளில் வியாழன் மாலையில் நடந்தன. கிழமை வேறாயினும் இடைவெளி ஒன்றே, ஏழு நாள். அவ்வேழு நாளின் அருமையை யான் அறிந்தது பல ஆண்டுகள் கழித்தே.

நிற்க. 1990-ஆம் ஆண்டில் யான் நம் கல்லூரியிற் சேர்ந்து விடுதியில் தங்கினேன். ஆச்சியின் கண்காணிப்பு நீங்கியதை ஒரு விடுதலையாகவே கருதினேன். சனிக்கிழமைதோறும் காலையில் வார்டன் ஐயா அறைகளைப் பார்வையிட வருவார். அவருடைய காலடி ஓசை மாடிப்படியிற் கேட்கும்போது எங்கள் அறையில் ஒரு சுறுசுறுப்புத் தோன்றும். அழுக்குத் துணி, பழந்தாள், வேர்க்கடலைத் தோல், கைப்பிடி உடைந்த குவளை ஆகிய யாவும் கட்டிலுக்கு அடியிற் புகும். மேலே போர்வை நீளத் தொங்கவிடப்படும். ஐயா வாயிலில் நின்று ஒருமுறை நோக்கித் தலையசைத்துச் செல்வார். இவ்வாறு ஓராண்டு கழிந்தது. ஒருநாள் அவர் மூக்குக்கண்ணாடி தவறிக் கீழே விழுந்தது. அதனை எடுக்கக் குனிந்தவர் சிறிது நேரம் குனிந்தபடியே இருந்தார். பின்பு நிமிர்ந்து, ‘தம்பி, நீ எனக்காக அறையைச் சுத்தம் செய்கிறாய், அறையில் இருப்பவன் நீயல்லவா?’ என்று மட்டும் கூறி அப்பாற் சென்றார். வைதிருந்தால் மறந்திருப்பேன், வையாமையால் இன்றும் மறந்தேனல்லேன். ஆயினும் நாணம் வேறு, பழக்கம் வேறு. நாணம் ஒரு வாரத்தில் நீங்கிற்று. போர்வை மறுபடியும் தொங்கிற்று.

படிப்பு முடிந்து வேலையும் கிடைத்தது, திருமணமும் ஆயிற்று. என் மனைவியும் பள்ளியொன்றில் ஆசிரியை. ஆற்றங்கரை நகரமொன்றில் வாடகை வீட்டிற் குடியிருந்தோம். ஆச்சி எங்களோடு இருந்தவரை வீடு வீடாக இருந்தது. என் மகன் பிறந்த மறுவருடம் அவர் காலஞ்சென்றார். அதன்பின் வீட்டுவேலை அனைத்தும் என் மனைவியின் தலையில் விழுந்தது. அவளும் பள்ளிக்குச் சென்று திரும்பிச் சமைத்து விடைத்தாள் திருத்தும் நிலையில் எத்துணை செய்ய இயலும்? யானோ ஞாயிறுதோறும் செய்தித்தாளை விரித்துக்கொண்டு, நாட்டின் தூய்மைக் குறைவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு சாக்கடை இருந்தது. கொசுத்தொல்லை மிகுந்தபோது, அச்சாக்கடையே காரணம் என்று உரிய அலுவலகத்துக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினேன். அதன் நடை நன்றாக இருக்கிறது என்று அண்டை வீட்டார் பாராட்டவும் செய்தனர்.

2012-ஆம் ஆண்டில் திருநெல்வேலி மாவட்டத்தில் டெங்குக் காய்ச்சல் மிகக் கடுமையாகப் பரவிற்று. ஒன்பது வயதினனாகிய என் மகனையும் அது பற்றிக்கொண்டது. மூன்று நாள் உடல் தீப்போற் காய்ந்தது. கண்ணுக்குப் பின்னே வலிக்கிறது என்று அழுதான். நான்காம் நாள் காய்ச்சல் தணிந்தது. நாங்கள் மகிழ்ந்தோம். மருத்துவரோ, ‘இந்நோயிற் காய்ச்சல் விடும் நேரமே அஞ்சத்தக்கது, இனிமேல்தான் பையனை இமைகொட்டாமற் பார்க்கவேண்டும்’ என்றார். அவர் கூறியவாறே குருதியிலுள்ள தட்டணுக்கள் நாளுக்கு நாள் குறைந்தன. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருத்தற்குரியவை முப்பதாயிரத்துக்கு இறங்கின. ஈறுகளிற் குருதி கசிந்தது. அவ்விரண்டு இரவுகளையும் யானும் என் மனைவியும் மருத்துவமனை நடைக்கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே கழித்தோம். ஏழாம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கிற்று, பையன் பிழைத்தான். அடுத்த படுக்கையிலிருந்த சிறுமி பிழைக்கவில்லை. அவள் தாய் அழுத குரலை எழுதுதற்கு என்னால் இயலாது.

யாங்கள் வீடு திரும்பிய மறுநாள் சுகாதாரப் பணியாளர் இருவர் கைவிளக்கோடும் அகப்பையோடும் வந்தனர். யான் அவர்களைச் சாக்கடையண்டை அழைத்துச் செல்ல முற்பட்டேன். அவருள் மூத்த பெண்மணி, ‘அது இருக்கட்டும் ஐயா, முதலில் உங்கள் தண்ணீர்த் தொட்டியைக் காட்டுங்கள்’ என்றார். குழாயில் நான்கு நாளுக்கொருமுறையே நீர் வருமாதலின் வீட்டின் பின்புறம் சிமெண்டுத் தொட்டியொன்றில் நிறைத்து வைப்பது எங்கள் வழக்கம். அது அடிவரை காலியானதோ, தேய்க்கப்பட்டதோ எனக்கு நினைவில்லை. அப்பெண்மணி அகப்பையால் நீரை முகந்து வெயிலிற் காட்டினார். பளிங்குபோல் தெளிந்த நீர். அதில் நூல்நுனி போன்ற புழுக்கள் தலைகீழாக நெளிந்துகொண்டிருந்தன. குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டிலும், ஆச்சி துளசி வைத்திருந்த தொட்டியின் அடித்தட்டிலும் அவையே இருந்தன. ‘இக்கொசு சாக்கடையிற் பிறப்பதன்று ஐயா, நல்ல தண்ணீரிற் பிறப்பது, பகலிற் கடிப்பது, பிறந்த வீட்டைவிட்டு நெடுந்தொலை போகாது’ என்றார். என் மகனைக் கடித்த கொசுவை யானே என் வீட்டில் நீர்விட்டு வளர்த்தேன் என்பது அப்பொழுதே விளங்கிற்று. யான் எழுதிய விண்ணப்பம் நினைவுக்கு வந்தது, வெட்கித் தலைகுனிந்தேன்.

பின்பு அக்கொசுவைப் பற்றி நூல்களிற் படித்தேன். அதற்கு ஏடிஸ் எஜிப்தி என்று பெயர். அது முட்டையிடுவது நீரின் நடுவிலன்று. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஏனத்தின் ஈரமான உட்சுவரில். அம்முட்டைகள் நீரின்றிக் காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருந்து, மறுபடி நீர் தொட்டவுடன் பொரிக்கும். ஆதலின் நீரைக் கொட்டுதல் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்தல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் முட்டை புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். ஆதலின் திங்களுக்கு ஒருமுறை தேய்த்தாற் பயனில்லை. ஏழு நாளுக்குள் தேய்த்தல் வேண்டும். இதனைப் படித்தபோது ஆச்சியின் தேங்காய் நாரும் வெள்ளிக்கிழமையும் என் கண்முன் நின்றன. அவர் இந்நூல்களைக் கண்டவரல்லர். கொசுவை நினைத்துச் செய்தாரென்றும் யான் கூறேன். ஆயினும், ஒழுங்காகச் செய்த ஒரு சிறு வேலை அவர் அறியாமலே எங்களைக் காத்துவந்தது.

இவ்வுண்மைக்கு உலக வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. கியூபாத் தீவின் தலைநகராகிய ஹவானாவில் மஞ்சட் காய்ச்சல் நெடுங்காலம் மக்களை வாரிக்கொண்டிருந்தது. அதனைப் பரப்புவது ஒருவகைக் கொசுவே என்று அந்நாட்டு மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-ஆம் ஆண்டிலேயே கூறினார், பலர் ஏற்கவில்லை. 1900-ஆம் ஆண்டில் வால்ட்டர் ரீட் என்பவரின் தலைமையில் அமைந்த குழுவினர் அதனை மெய்ப்பித்தனர். அக்கொசுவும் நம் ஏடிஸ் எஜிப்தியே. 1901-இல் வில்லியம் கார்கஸ் என்னும் மருத்துவ அதிகாரி வீடுதோறும் ஆட்களை அனுப்பி, நீர்ப்பீப்பாய்களைச் சோதித்து மூடச்செய்து, வேண்டாத ஏனங்களை அகற்றுவித்தார். அவ்வாண்டு முடியுமுன் நகரத்தைவிட்டு அந்நோய் நீங்கிற்று. அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் தெருக்களைக் கழுவியும் நீங்காத நோய், வீட்டுப் பீப்பாயை மூடியதும் நீங்கியது கருதத்தக்கது.

இனி, யாங்கள் கைக்கொண்ட முறையைக் கூறுவேன். நாள்முறை ஐந்து: எழுந்தவுடன் படுக்கையை மடித்தல், காலையில் ஒருமுறை பெருக்குதல், எடுத்த பொருளை எடுத்த இடத்தில் அப்பொழுதே வைத்தல், உண்டவர் தம் தட்டைத் தாமே கழுவுதல், இரவு அடுக்களை மேடையைத் துடைத்து, குப்பையை வெளியேற்றிப் படுத்தல். இவை மூவர் கைகளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்குக் கால்மணி நேரமே ஆகும். வாரமுறை சனிக்கிழமைக்கு உரியது. இரண்டு மணி நேரத்தில் முடியும். இதற்கு ஆச்சியின் வரிசையையே பின்பற்றுகின்றோம். மேலிருந்து கீழே வருதல் வேண்டும். தளத்தைக் கழுவியபின் ஒட்டடை அடிப்பவன் தன் வேலையை இருமுறை செய்கின்றான். அறையின் உள்மூலையிற் றொடங்கி வாயிலை நோக்கி வருதல் வேண்டும். தொட்டியும் தட்டும் வாளியும் இறுதியில் தேய்த்துக் கவிழ்க்கப்படும். இம்முறைகள் யாவும் தாளில் எழுதப்பட்டு அடுக்களைக் கதவில் ஒட்டப்பட்டன. எழுதாத ஒழுங்கு எம்போன்றார்க்கு நிலைப்பதில்லை.

ஆச்சி செய்தவற்றுக்குக் காரணமும் ஒவ்வொன்றாகப் புலப்பட்டது. விறகுச் சாம்பலிற் காரம் உண்டு. அது பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரம்போல் மாற்றி நீக்கும். புளியிலுள்ள அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைக்கும். வெயில் பாயின் ஈரத்தைப் போக்கும். ஈரம் போனால் பூசணமும் இல்லை. உலர்ந்த துணியால் தட்டினால் தூசி இடம் மாறுமேயன்றி அகலாது; ஈரத்துணியால் துடைத்தால் அகலும். இதனை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் வெளியிட்ட செவிலியர் நூலில் வற்புறுத்தியுள்ளார். எங்கள் ஆச்சி அதனைத் தம் மாமியாரிடம் கற்றிருந்தார். இக்காலத்துக்கு மட்டும் உரிய எச்சரிக்கை ஒன்று கூறவேண்டும்: வெளுப்புத் தூளையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் கலத்தலாகாது, கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் என்னும் நச்சுவளி எழும்.

இம்முறையால் எங்கள் இல்லத்தில் விளைந்த பெரிய மாறுதல் பிறிதொன்று. விளக்குமாறு என் கைக்கு வந்தது. முதல்நாள் யான் அதனை எடுத்தபோது, ‘உங்களுக்கு எதற்கு? வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று என் மனைவி பதறினாள். ‘எட்டு ஆண்டுகள் நீ ஒருத்தியே பார்த்தாய், அதனாலன்றோ இவ்வளவும்’ என்றேன். அவள் மேற்கொண்டு ஒன்றும் கூறவில்லை. முறத்தைக் கொண்டுவந்து தந்தாள். தமிழாசிரியனாகிய எனக்கு அச்சொல்லே ஒரு பாடமாயிற்று. பல் விளக்குகின்றோம், பாத்திரம் விளக்குகின்றோம், பாட்டின் பொருள் விளக்குகின்றோம், மாலையில் விளக்கு ஏற்றுகின்றோம். மறைத்திருப்பதை நீக்கி ஒளியைக் காட்டும் செயலெல்லாம் நம் மொழியில் ஒரே சொல்லால் வழங்குகின்றது. இருபது ஆண்டுகள் வகுப்பறையிற் செய்யுட்குப் பொருள் விளக்கியவன், வீட்டில் அதே வேலையைச் செய்யும் கருவியைத் தொடாதிருந்தமை பெருமையாகுமோ?

அன்பர்காள்! பெருமுயற்சி செய்து ஒருநாளில் தூய்மையாக்கிய வீடு நம்மைப் பாராட்டிக்கொள்ளவே உதவும். சிறுமுயற்சியால் நாள்தோறும் காக்கப்படும் வீடே நம்மைக் காக்கும். விடுதியில் வாழும் இளைய நண்பர்கள் இதனைத் தம் கட்டிலுக்கு அடியிலிருந்தே தொடங்கலாம்.

என் மகன் இப்பொழுது வேற்றூரில் வேலை பார்க்கின்றான். நண்பர் மூவரோடு ஓர் அறையில் வாழ்கின்றான். அண்மையில் முன்னறிவிப்பின்றி அங்குச் சென்றேன். நாற்காலிமீது துணி மலைபோற் குவிந்திருந்தது. மேசைமீது தேநீர்க் குவளைகள் காய்ந்திருந்தன. யான் ஒன்றும் கூறவில்லை. கைகால் கழுவுதற்குக் குளியலறைக்குச் சென்றேன். அங்கே வாளிகள் இரண்டும் தேய்த்துக் கழுவிச் சுவரோரமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அன்று சனிக்கிழமை.